இருநூற்று அறுபது கோடுகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எல்லாம் வருகிறது, 'தெரியாது' என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று ஏதோ ஒரு ஊருக்கு வழி கேளுங்கள். அந்த ஊர்ப் பெயரையே அப்போதுதான் காதில் வாங்கியிருப்பான். இருந்தாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டுவான். வயிற்றுவலி என்று முனகினால் பீடிக்கடைக்காரன் நாலு மாத்திரைக்குப் பெயர் சொல்வான். அதிலும் கேட்கிறவர் காலில் பூட்ஸும் கையில் நோட்டுமாக வந்துவிட்டால் போச்சு. தான் சொல்வதை ஒருத்தர் எழுதிக்கொள்கிறார் என்றால் இவனுக்குத் தலை கிறுகிறுத்துவிடுகிறது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டுகிறான்.

எங்கள் ஊர் நரியம்பாறையில் அப்படித்தான் கொட்டினார்கள்.

என் பெயர் கன்னியப்பன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு சரி. ஆம்பூரிலிருந்து ஏழு மைல் தள்ளி ஊர். மூன்று காணி மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு, வற்றிப்போன ஒரு கிணறு. அதற்கு முன்னால் சர்தார் பாஷா சாயபுவின் தோல் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அதில் முக்கால்வாசி சுண்ணாம்புக் குழியில். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டால் மயிர் தானாகக் கழன்றுவரும். செத்த ஆட்டுத் தோலுக்கே அப்படி என்றால் அதில் இறங்கி நிற்கிற மனுஷன் கைக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பத்திர ஆபீசில் என் பெருவிரலை மையில் உருட்டி அழுத்தினால் காகிதத்தில் ரேகை விழாது. ஒரு கறுப்புப் பூச்சுத்தான் விழும். ரிஜிஸ்தர் அய்யா மூன்று தடவை அழுத்தச் சொல்லிவிட்டு என்னைத் திட்டினார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் மெட்ராசிலிருந்து சாவித்திரி என்று ஒரு அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினாள். முப்பது வயசிருக்கும். ஏதோ ஒரு காலேஜில் கல்லைப் பற்றிப் பாடம் சொல்கிறவளாம். அப்போது எங்கள் பக்கம் மழை பொய்த்து மூன்று வருஷம். ஏரியில் பசங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு மேற்கே ஒரு குன்று. அதில் ஒரு பொடவு. எழுதும்போது குகை என்பார்கள், எங்களுக்குப் பொடவு. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குகிற இடம். அதன் உள்ளே மேல்பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே முக்கால் முழ உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் வளர்ந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தாள்.

ஒரு சின்னப் புட்டியிலிருந்து ஏதோ திராவகத்தை அந்தக் கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டாள். புஸ்ஸென்று பொங்கியது. கூட்டம் 'ஆ' என்றது. சுண்ணாம்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் பொங்கும். அதற்கு மெட்ராசிலிருந்து ஜீப்பில் வர வேண்டுமா?

"இந்தப் பக்கம் எல்லாம் கருங்கல்தான். இங்க இப்படி ஒரு கல் இருக்கிறதே அதிசயம். இது எத்தனை காலமா இருக்கு?" என்று கேட்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது கீதும்மா நவாப் காலத்துலேர்ந்து. எங்க பாட்டனாரு இதுக்கு வெண்ணெ சாத்திக் கும்பிடுவாரு."

அவருடைய பாட்டன் குடியாத்தத்தில் தறி நெய்தவர். எங்கள் ஊர் மண்ணை மிதித்ததே கிடையாது. ஆனால் தலைவரே சொல்லிவிட்டார் அல்லவா? பின்னால் நின்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருத்தன் திப்பு சுல்தான் என்றான். ஒருத்தி தன் மாமியாரின் மாமியார் பிள்ளை வரத்துக்கு இந்தக் கல்லைச் சுற்றியதாகச் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கல்லை நடுவில் ரம்பம் போட்டு நீளவாக்கில் அறுத்தாள். அறுத்த முகத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததும் வரிவரியாகக் கோடுகள் தெரிந்தன. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து எண்ணினாள். மொத்தம் இருநூற்று அறுபது. மூன்றாம் நாள் ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

"மழைத் தண்ணி மேல இருக்கிற சுண்ணாம்பக் கரைச்சிக்கிட்டு எறங்குது. சொட்டற இடத்துல அது படியுது. நல்ல மழை வருஷம் கோடு தடிப்பா இருக்கும். வறட்சி வருஷம் மெல்லிசா இருக்கும். மரத்த வெட்டினா வளையம் தெரியுது பாருங்க, அந்த மாதிரி. இருநூத்து அறுபது வருஷ மழைக் கணக்கு இதுல இருக்கு."

"வறட்சி எத்தினி வருஷம் சேந்தாப்ல வந்துகீதும்மா?" என்று தலைவர் கேட்டார்.

"மெல்லிசுக் கோடு சேர்ந்தாப்ல மூணுக்கு மேல எங்கயும் இல்ல. ஆனா இத மெட்ராசுக்குக் கொண்டுபோய் இன்னும் சோதிக்கணும்."

'ஆனா' என்பதற்குப் பிறகு அவள் சொன்னதை ஒருத்தனும் கேட்கவில்லை. மூன்று வருஷம் காய்ந்தாயிற்று. இது நாலாவது. ஆகவே மழை நிச்சயம். டீக்கடை வரைக்கும் போவதற்குள் 'நிச்சயம்' என்பது 'கவர்மெண்டே சொல்லிவிட்டது' என்று ஆகிவிட்டது.

போகட்டும், ஊர் எப்படியாவது போகட்டும். ஆனால் அதை நம்பியவர்களில் என் மகன் கங்காதரனும் ஒருத்தன்.

அவனுக்கு இருபத்தாறு வயசு. சர்தார் பாஷாவின் மகன் அமீர் பாஷா ஆம்பூரில் பெரிதாக ஷாப் வைத்திருக்கிறார். பழைய விசுவாசத்தில், "கன்னியப்பன் மகன்தானே, திங்கக்கிழம வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பியிருந்தார். எந்த வேலை? அதே சுண்ணாம்புக் குழி. வேறு எதில் எடுப்பார்கள்? திங்கட்கிழமை போகாவிட்டால் இன்னொருத்தனை வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவன் அங்கே போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. இந்தக் கைகளோடு நான் சாகிறேன், அது சரி. அவன் கைகளாவது கைகளாக இருக்கட்டும். மழையில்லாமல் நிலத்தைக் காட்டி அவனை எப்படி நிறுத்துவது என்று நான் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் கல் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். "நைனா, நா ஷாப்புக்குப் போவல. மூணு காணியும் மல்லாட்ட போட்டுர்றேன். இந்த வருஷம் மழ உண்டு." நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

என் பெண்டாட்டி சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கல்லைப் பற்றி இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். பொய்யை நான் சொல்லவில்லை, பொய் தானாக வந்து என் மகனை வீட்டில் உட்காரவைக்கிறது, எனக்கென்ன என்று இருந்தேன். இரண்டு நாள் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மாடு இரண்டையும் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?"

"சந்தைக்கு. வித்தாத்தான் வெத வாங்கலாம்."

"ஏர ஓட்டறது எவன், உங்க மாமனா?"

"வாடகைக்குப் புடிச்சுக்கலாம் நைனா. அறுவடையானா நாலு மாடு வாங்கலாம். அந்தம்மா எண்ணிப் பாத்துச் சொல்லிகீறாங்க. நீயும் அங்கதான நின்ன?"

மாடும் போய், விதையும் மண்ணில் காய்ந்து, திங்கட்கிழமை வேலையும் போனால் வைகாசியில் எங்கள் வீட்டில் என்ன இருக்கும்? மூன்று பேர் இருப்போம். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாட்டக் கட்டுடா. எங்கூட பொடவுக்கு வா. அந்தம்மாளையும் கூப்பிடு."

அந்த அம்மாள் கிளம்புவதற்கு ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். கல்லின் ஒரு பாதியைக் கோணியில் சுற்றியிருந்தாள். அதையும் எடுத்து வரச் சொன்னேன். தலைவர் எங்கேயோ மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பொடவில் கோணியைப் பிரித்து, அறுத்த முகத்தை வெளிச்சத்தில் வைத்தோம். அடிப்பக்கத்தில் பழுப்பாக இரண்டு மூன்று நூல் மாதிரி கல்லுக்குள் பதிந்திருந்தது.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"வேர். மேல இருக்கிற செடியோட வேர் தண்ணியோட வந்திருக்கும்."

"நோண்டி எடு."

ஊசி மாதிரி ஒன்றை வைத்து ஒரு விரல் நீளத்துக்கு எடுத்தாள். நான் வாங்கி விரலில் உருட்டினேன். ரேகை போன விரல்தான், ஆனால் இருபத்திரண்டு வருஷம் அந்த விரல் வேறு எதைத் தொட்டது? தீப்பெட்டியை உரசி அதன் நுனியில் காட்டினேன். சுருண்டு, குமிழி கட்டி, கருகியது. நாற்றம் பொடவு முழுவதும் அடித்தது.

"வேரு எரிஞ்சா இப்படியா நாறும்? இது ஆட்டு மயிரு."

அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானே பேசினேன். சர்தார் பாஷா ஷாப்பில் என் கை வெடித்துப்போன பிறகு குழி வேலையிலிருந்து எடுத்து வண்டி ஓட்டவைத்தார்கள். குழியில் வேலை முடிந்த சுண்ணாம்புச் சேற்றை மயிரோடு அள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சாயபு சொன்னது, மூன்று மைல் தள்ளி இருக்கிற பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டச் சொல்லி. நான் கொட்டியது இந்தக் குன்றின்மேல். அந்தப் பள்ளத்துக்குப் போகும் வண்டிப்பாதை குன்றின்மேல் ஏறித்தான் இறங்கும். பாதி வழியிலேயே பாறையில் ஒரு பெரிய வெடிப்பு இருந்தது. அதில் கவிழ்த்துவிட்டு மாட்டைத் திருப்பிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம் ஆரம்பித்து, மூன்று வருஷம் கொட்டினேன். வெடிப்பு நிரம்பியதும் மண்ணைப் போட்டு மூடினேன். அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் இந்தப் பொடவு.

"அதுக்கு முன்னாடி நா இந்தப் பொடவுல எத்தினியோ தபா படுத்துத் தூங்கியிருக்கேன். வெறும் பாறதான் இருந்திச்சு. கல்லும் இல்ல, வெண்ணெயும் இல்ல."

"யோவ் கன்னியப்பா, அப்ப எங்க பாட்டனாரு?" என்று தலைவர் துள்ளினார்.

"உங்க பாட்டனாரு குடியாத்தத்துல லுங்கி நெஞ்சாரு தலைவரே. வெண்ணெய அங்கயே தின்னிருப்பாரு."

"ஊரு மலையில ஷாப்பு சேத்தக் கொட்டிட்டு வாய் வேற பேசறியா?"

"கொட்டினேன். இப்ப சொல்றேன் இல்ல? நீங்க உங்களுத இப்ப சொல்லுங்களேன்."

மேலே ஏறிப் போய்க் கருவேல முள்ளை விலக்கித் தோண்டிக் காட்டினேன். ஒரு முழம் மண்ணுக்குக் கீழே வெள்ளைவெளேர் என்று சுண்ணாம்பு. அதில் கத்தை கத்தையாக மயிர். அந்த அம்மாள் மண்ணில் உட்கார்ந்து அதைக் கையில் அள்ளப் போனாள். "தொடாத, கை வெந்துடும்" என்று தட்டிவிட்டேன். இத்தனை படித்தும் அதுகூடத் தெரியவில்லை.

கங்காதரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலு நாளா உனக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினேதான் நா மல்லாட்ட போடறேன்னு சொன்னப்ப கம்முனு சோறு தின்னியா?"

"நீ குழியில எறங்கக் கூடாதுன்னு கம்முனு இருந்தேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த அம்மாளுக்கு முகம் விழுந்துவிடும், ஜீப்பில் ஏறிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்கும் அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். நடக்கவில்லை. பொடவுக்குத் திரும்பி ஓடினாள், நாங்களும் பின்னாலேயே போனோம். அந்தக் கல்லை மறுபடி தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினாள். சந்தோஷமாக இருந்தாள்! தப்பைக் கண்டுபிடித்தது தான்தான் என்பதுபோல அவ்வளவு சந்தோஷம்.

"ஐயா, நான்தான் தப்பா எண்ணிட்டேன். இந்தச் சின்னக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு வருஷம் இல்ல, ஒரு மழை. ஷாப்புச் சுண்ணாம்பு சீக்கிரமா கரையும், அதனால ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோடு விழுந்திருக்கு. வருஷத்துக்கு அடையாளம் இது. இந்தக் கறுப்புக் கோடு. வெயில் காலத்துல சொட்டு நின்னதும் தூசி படிஞ்சிருக்கு. நீங்க கொட்ட ஆரம்பிச்சது அறுபத்து ரெண்டு. போன வருஷம் வரைக்கும் இருபத்தோரு மழைக்காலம். நான் எண்ணினா கறுப்புக் கோடு இருபது வருது. பாருங்க, கல்லு பொய் சொல்லல."

"இருபத்தொண்ணுக்கு இருபதுன்னா ஒண்ணு கம்மியாவுது இல்ல?"

"ஒரு வருஷம் சொட்டே எறங்காத அளவுக்கு மழை பொய்ச்சிருக்கும். அப்ப ரெண்டு வெயில் காலத் தூசியும் ஒரே கோடாப் போயிடும். இதோ, இங்க ஒண்ணு மத்ததவிட ரெண்டு மடங்கு தடிப்பா இருக்கு."

"இன்னாம்மா இது பேஜாரு! நேத்து வரைக்கும் இருநூத்தறுபது. அதுக்கும் ஒரு காரணம் வெச்சிருந்த. இப்ப இருபது. அதுக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கிற. நாளைக்கு நா வந்து, இல்ல, அறுபத்தெட்டுலதான் கொட்டினேன்னு சொன்னா அதுக்கும் ஒண்ணு வெச்சிருப்ப. கல்லு பேசுதா, நீ பேசறியா?"

"நீங்க கேக்கறது நியாயந்தான் ஐயா. இந்தக் கல்லுக்கு வேற சாட்சி வேணும். அதுக்குத்தான் உங்கள மாதிரி ஆள் தேவை. உண்மையான சுண்ணாம்புக் குகையில ஆயிரக்கணக்கான வருஷம்..."

"அங்க மேல எவன் வண்டி ஓட்டினானோ?"

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் கங்காதரன் முன்னால் வந்தான். கையெல்லாம் மாட்டுக் கொம்பு எண்ணெய். "அதெல்லாம் உடுங்கம்மா. இந்த வருஷம் மழ வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க."

அவள் கல்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. இது போன மழையத்தான் சொல்லும். வரப்போறதச் சொல்லாது."

இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் இத்தனை கூத்து உண்டா? போன மழை எனக்கே தெரியும். நனைந்தவன் நான். அதைச் சொல்ல ஒரு கல், அந்தக் கல்லை அறுக்க ஒரு ரம்பம், அந்த ரம்பத்தை ஏற்றிவர ஒரு ஜீப்பு.

கங்காதரன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அப்ப நா திங்கக்கிழம ஆம்பூர் போறேன். மாடு இருக்கட்டும் நைனா. மழ வந்தா நீ ஏர் கட்டு."

"டேய்..."

"நீ நெஜத்த சொன்ன. அவங்களும் நெஜத்த சொல்லிட்டாங்க. அப்பறம் இன்னா?"

அவன் இறங்கிப் போய்விட்டான். நான்தான் அவனை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அவனைக் குழியில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். மாடு பிழைத்தது, அவ்வளவுதான் மிச்சம்.

தலைவர் அந்த அம்மாளிடம் நெருங்கி, பாட்டனார் சங்கதியை நோட்டிலிருந்து அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார். நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்த விட்டுப்போன வருஷம். இந்தத் தடிச்ச கோடு மேலேர்ந்து எண்ணினா ஒம்பதாவது. எழுபத்து நாலு பக்கம் வருது. அப்ப ஊர்ல எப்படி இருந்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

எழுபத்து நாலு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைக்கோல் இல்லாமல் என் பழைய மாடு ஒன்று கட்டுத்தறியிலேயே படுத்துச் செத்தது. தோலை உரித்து நானே ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதனால் என்ன? கிளி ஜோசியக்காரன் பத்துச் சங்கதி சொன்னால் அதில் ஒன்று யாருக்கும் பொருந்தும். நான் 'ஆமாம்' என்றால் அதைக் கல் சொன்னதாக எழுதிக்கொள்வாள். பஞ்சாட்சரம் சொன்னதை எழுதிய அதே நோட்டில், அதே பேனாவில்.

"தெரியாது" என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் குன்றைவிட்டு இறங்கினேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டது.